கழிவுநீர்க் குழாயில் மரவேர்: வெட்டினால் மட்டும் போதாது, அது வந்த வழியை அடைக்க வேண்டும்

கேள்வியின் சுருக்கம் இதுதான். சென்னை கே.கே. நகரில் 1984இல் கட்டிய தனி வீடு. பக்கவாட்டுச் சந்தில் கழிவுநீர்க் குழாய் தரைக்கடியில் ஓடி, மூன்று சேம்பர்களை, அதாவது குழாயைத் திறந்து பார்க்க மூடியோடு கட்டிய சிறு தொட்டிகளைக் கடந்து, தெருவிலுள்ள பாதாளச் சாக்கடையில் சேர்கிறது. சந்தின் கோடியில், குழாய்த் தடத்திலிருந்து ஏறக்குறைய 6 அடி தள்ளி, நன்கு வளர்ந்த ஒரு வேப்பமரம் நிற்கிறது. மூன்று ஆண்டுகளாக, ஆண்டுக்கு இருமுறையாவது கழிப்பறை அடைத்துக்கொள்கிறது. அடைப்பு எடுக்க வருபவர் ஒவ்வொரு முறையும் கற்றை கற்றையாக வேரை இழுத்துப் போடுகிறார். மரத்தை வெட்டிவிடுங்கள் என்கிறார் ஒருவர். ஆசிட் ஊற்றினால் வேர் கருகிவிடும் என்கிறார் இன்னொருவர். குழாய் முழுவதையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் மூன்றாமவர். இவற்றில் எது சரி?

இப்போதைக்கு மூன்றையுமே செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். வீட்டுக் கழிவுநீர்ப் பணிகளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்து வந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: பழுதில்லாத குழாயை வேர் உடைத்துக்கொண்டு உள்ளே போவது மிக அரிது. குழாய் முதலில் எங்கோ கசிந்திருக்கும். வேர் பின்னால்தான் வந்திருக்கும். ஆகவே உங்களுடைய சிக்கலை மரம் உண்டாக்கவில்லை, இருந்த ஓட்டையை அது காட்டிக்கொடுத்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து மூடாதவரை, வேரை எத்தனை முறை வெட்டினாலும் அது மீண்டும் வரும். மரத்தையே வெட்டினாலும் கழிவுநீர் மண்ணில் கசிந்துகொண்டுதான் இருக்கும்.

வேர் எப்படி உள்ளே வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், அதன் பிறகு செய்ய வேண்டியவை தாமாகவே தெளிவாகும். 1980களில் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் பதித்திருப்பது, மேஸ்திரிகள் ஸ்டோன்வேர் பைப்பு என்று சொல்லும், பழுப்பு நிறத்தில் மெருகேற்றிச் சுட்ட களிமண் குழாய். குழாயைப் பொறுத்தவரை அது மிக நல்ல பொருள். அமிலத்துக்கும் காரத்துக்கும் அசையாது, நூறாண்டு கூட இருக்கும். ஆனால் அது 2 அடி நீளத் துண்டுகளாக வருவதால், 40 அடி தூரத்துக்கு இருபது இணைப்புகள் தேவைப்படுகின்றன. ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு குழாயின் வாயை அடுத்த குழாயின் அகன்ற கழுத்துக்குள் செருகி, இடைவெளியில் சணலைத் திணித்து, சிமென்ட் கலவையால் அடைத்துப் பூசியிருப்பார்கள். அந்தக் கலவைதான் பலவீனமான இடம். அது காயும்போதே மயிரிழை அளவுக்குச் சுருங்கி விலகும். களிமண் நிலமாக இருந்தால் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் ஆண்டுதோறும் அதை அசைக்கும். மேலே கார் ஏறி இறங்கினால் இன்னும் அசையும். சணலோ சில ஆண்டுகளில் மட்கிவிடும்.

கசிவு தொடங்கியதும் அந்த இணைப்பைச் சுற்றியுள்ள மண் எப்போதும் ஈரமாக, உரச்சத்துடன் இருக்கிறது. குழாய்க்காக வெட்டி மூடிய பள்ளத்தின் மண் மற்ற இடத்தைவிடத் தளர்வாக இருப்பதால், வேர் அதில் எளிதாக ஓடுகிறது. வேர் தண்ணீரை மோப்பம் பிடித்து வெகுதூரத்திலிருந்து வருகிறது என்று சொல்வார்கள்; அது அப்படி அன்று. வேர்நுனி எல்லாத் திசையிலும் பரவிக்கொண்டேதான் இருக்கிறது. ஈரமும் காற்றும் சத்தும் கிடைக்கும் பக்கத்தில் பிழைத்துக் கிளைக்கிறது, வறண்ட பக்கத்தில் நின்றுவிடுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் சந்து முழுவதும் காய்ந்து கிடக்கும்போது, தரைக்கடியில் ஈரமுள்ள ஒரே தடம் உங்கள் குழாய்த் தடம்தான். பலர் மழைக்காலத்தில் அடைப்பு வந்தவுடன் மழையால் வேர் வளர்ந்தது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் வேர் கோடையில் வளர்ந்துவிடுகிறது. ஐப்பசி மழைநீரும் சேர்ந்து குழாய் நிறைய ஓட வேண்டிய நேரத்தில்தான் அது நமக்குத் தெரியவருகிறது.

நான் ஒரு வீட்டில் எடுத்த வேரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 4 அங்குலக் குழாயைத் தோண்டி, இணைப்பைக் கழற்றி, உள்ளிருந்ததை முழுசாக உருவினோம். ஒரு கை நீளத்துக்கு, குழாயின் உருண்டை வடிவத்திலேயே அச்சில் வார்த்ததுபோல, கறுத்த நார்க்கற்றை வந்தது; அதில் எண்ணெய்ப் பிசுக்கும் தலைமுடியும் ஷாம்பு பாக்கெட்டின் கிழிந்த மூலையும் சிக்கியிருந்தன. தண்ணீரில் அலசிவிட்டு அது தொடங்கிய இடத்தைத் தேடினேன். தைக்கிற நூலைவிடச் சற்றுத் தடித்த ஒரே ஒரு வேர், கலவை விரிசலின் தடத்திலேயே தட்டையாக நசுங்கியபடி உள்ளே வந்து, குழாய்க்குள் நுழைந்ததும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்திருந்தது. அவ்வளவு பெரிய கற்றைக்கு அவ்வளவு சிறிய வாசல். அன்றிலிருந்து யார் வீட்டிலும் நான் வேரின் பருமனைப் பார்த்து மலைப்பதில்லை. அது நுழைந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இப்படி ஒற்றை நூலாக நுழையும் வேர் நாளடைவில் பருக்கும். வேம்பு, அரசு, புங்கை போன்ற மரங்களின் வேர் ஆண்டுதோறும் பருமனாவதால், விரிசலை அகலப்படுத்திக் கடைசியில் குழாயின் கழுத்தையே பிளந்துவிடும். குழாயை வேர் உடைத்தது என்று நாம் பார்ப்பது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். தென்னை வேறு வகை: அதன் வேர் பென்சில் பருமனுக்கு மேல் அதிகம் பருப்பதில்லை, ஆனால் அடித்தூரிலிருந்து புதிது புதிதாகக் கிளம்பிக்கொண்டே இருக்கும், எனவே அது உடைப்பதைவிட அடைப்பதில்தான் வல்லது.

இனி, எங்கே பழுது என்று கண்டுபிடிப்பதைப் பார்ப்போம். செலவில்லாத, ஆனால் பலரும் செய்யாமல் விடும் வேலை இதுதான். அடுத்த முறை அடைத்துக்கொள்ளும்போது, ஆளைக் கூப்பிடுவதற்கு முன், மூன்று சேம்பர் மூடிகளையும் திறந்துவையுங்கள். திறந்தவுடன் குனிந்து முகத்தைக் கொண்டுபோகாமல், சற்று நேரம் காற்றோட்டமாக விட்டு, அருகில் நெருப்போ சிகரெட்டோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சேம்பர் நிறைந்து நிற்கிறது, எது வறண்டிருக்கிறது என்று கவனியுங்கள். முதல் சேம்பர் நிறைந்து இரண்டாவது காலியாக இருந்தால் அடைப்பு அவ்விரண்டுக்கும் இடையில். மூன்றும் நிறைந்திருந்தால் கடைசிச் சேம்பருக்கும் தெருவுக்கும் இடையில், அல்லது தெருச் சாக்கடையிலேயே. சேம்பர்கள் எல்லாம் காலியாக இருந்தும் கழிப்பறையில் நீர் நின்றால், அது கழிப்பறைக்கும் முதல் சேம்பருக்கும் இடைப்பட்டது. அங்கே வேரைவிட வேறு காரணங்களுக்கே வாய்ப்பு அதிகம்.

அடைப்பு எடுப்பவர் மூங்கில் பிளாச்சையோ கம்பியையோ விடும்போது அருகில் நில்லுங்கள். அது தட்டுப்பட்டு நிற்கும் இடத்தில், சேம்பர் விளிம்புக்கு நேராகப் பிளாச்சின் மேல் ஒரு துணியைக் கட்டச் சொல்லுங்கள். வெளியே எடுத்தபின் அதே பிளாச்சைக் குழாய்த் தடத்தின் மேல் தரையில் நீட்டிப் போட்டால், அதன் நுனி எங்கே வருகிறதோ, சேம்பர் ஆழத்துக்காகச் சிறிது குறைத்துக்கொண்டு, அங்கேதான் வேர் இருக்கிறது. அந்த இடத்தில் மதிற்சுவரில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மறுமுறையும் அதே கோட்டில் தட்டுப்பட்டால் ஒரே ஓர் இணைப்புதான் பழுது என்பது ஏறக்குறைய உறுதியாகிவிடும். வெவ்வேறு இடங்களில் தட்டுப்பட்டால் மட்டுமே முழுத் தடத்தையும் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடைப்பை எடுத்து, குழாயை நன்றாக நீர்விட்டு அலசிய பிறகு, கண்ணாடிச் சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு சேம்பர்களுக்கு இடையில் குழாய் நேராக ஓடினால், ஒரு சேம்பரில் குழாய் வாயருகே வலுவான டார்ச்சைப் பிடித்து, மறு சேம்பரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து இறக்கிப் பாருங்கள். குழாய் சுத்தமாக இருந்தால் கண்ணாடியில் முழு நிலவு போல ஒளிவட்டம் தெரியும். மேலிருந்து வேர் தொங்கினால் வட்டத்தின் மேற்பகுதி மறையும். குழாய் ஓரிடத்தில் அமிழ்ந்து நீர் தேங்கினால் அடிப்பகுதி மறையும். பழைய பொறியாளர்கள் குழாய் பதித்தவுடன் செய்த சோதனை இது. இப்போது சிறு கேமராவைக் குழாய்க்குள் விட்டுத் திரையில் காட்டுபவர்கள் சென்னை, கோவை போன்ற நகரங்களில் கிடைக்கிறார்கள். தோண்டுவதற்கு முன் ஒரு முறை அந்தச் செலவைச் செய்வது நல்லது, ஏனெனில் தேவையில்லாமல் உடைக்கும் தரைக்கு ஆகும் செலவு அதைவிட அதிகம். படத்தைப் பதிவு செய்து தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சேம்பர்களையும் சந்தேகப்படுங்கள். குழாயில் வேர் என்று தோண்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் வேர் சேம்பரின் செங்கல் சுவர் வழியாகவோ, குழாய் சேம்பருக்குள் நுழையும் வளையத்தைச் சுற்றியோ வந்திருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சேம்பரின் உட்பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தால், அடியில் நீரோடும் வாய்க்கால் பகுதி பெயர்ந்திருந்தால், அல்லது சுவரில் செம்மண் நிறத்தில் ஈரக்கோடு இறங்கியிருந்தால், வேரின் வாசல் அங்கேயே இருக்கலாம். அப்படியானால் உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது: பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளைக் கலவையால் நிரப்பி, ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையில் நீர்க்கசிவைத் தடுக்கும் சேர்மானம் கலந்து, கரணையால் அழுத்தி வழவழப்பாகப் பூசினால் போதும்.

வேரை அகற்றும் முறைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது தற்காலிக வேலை. பிளாச்சு வேரைக் குத்தி ஒரு துளையிடும், நீர் ஓடும், மிச்ச வேர் குழாயிலேயே இருக்கும். மின்மோட்டாரால் சுழலும் ஸ்பிரிங் கம்பியின் முனையில் வெட்டுத்தலை பொருத்திய இயந்திரம், குழாயின் சுவரை ஒட்டி வேரைச் சீவி எடுக்கும். உயரழுத்த நீர்ப்பாய்ச்சல், அதாவது ஜெட் ராடிங், சீவிய துண்டுகளையும் பிசுக்கையும் கழுவித் தள்ளும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தால் நல்ல பலன் கிடைக்கும். ஏற்கெனவே கழுத்து பிளந்த களிமண் குழாயில் முழு அழுத்தத்தோடு நீரைச் செலுத்தினால் துண்டுகள் பெயர்ந்து விழக்கூடும் என்பதால், முதலில் குறைந்த அழுத்தத்தில் தொடங்கச் சொல்லுங்கள். வெட்டிய வேர், கிளை நறுக்கிய செடியைப் போல, முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். ஆகவே வெட்டிய நாளை நிரந்தரப் பழுதுபார்ப்புக்கான நாட்களை எண்ணத் தொடங்கும் நாளாகக் கொள்ளுங்கள்.

எந்த நிலையிலும் வேரை எடுப்பதற்காக ஓர் ஆளைச் சாக்கடைக் குழிக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்காதீர்கள். அவரே இறங்குகிறேன் என்று சொன்னாலும் தடுத்துவிடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடுகிறது; நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்கியவர்கள் இரண்டே மூச்சில் விழுந்திருக்கிறார்கள், அவர்களைத் தூக்கப் போனவர்களும் விழுந்திருக்கிறார்கள். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் சாக்கடையையும் கழிவுத்தொட்டியையும் ஆளை வைத்துச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது; முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இவ்வாறு இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. ஆனால் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு வீட்டின் அடைப்புக்காக இன்னொரு வீட்டில் ஒருவர் திரும்பி வராமல் போகக் கூடாது.

ஆசிட் ஊற்றச் சொன்னவரின் யோசனை, கேட்டவற்றிலேயே மிகத் தவறானது. கடையில் கழிப்பறைக்கென்று விற்கும் அமிலம் வேரின் நாரைக் கரைப்பதில்லை. அது கரைப்பது சிமென்டை. எந்த இணைப்பின் விரிசல் வழியாக வேர் வந்ததோ அந்த இணைப்பின் கலவையை அது அரித்து, வாசலை இன்னும் அகலமாகத் திறந்துவிடுகிறது. அமிலம் ஊற்றிய குழாயில் பிளீச்சிங் பவுடரும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து. காஸ்டிக் சோடா எண்ணெய்ப் பிசுக்கை இளக்குமே தவிர வேருக்கு அதனால் பெரிய கேடில்லை; கொதிக்கும் சூட்டை உண்டாக்கிப் பிவிசி குழாயை வளைத்துவிடவும் கூடும்.

மயில்துத்தம் போடலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். செம்பு உப்பாகிய அது வேரைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அது நீரோடு குழாயின் அடியில் ஓடிவிடுகிறது. வேரோ பெரும்பாலும் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தொங்குகிறது. தொட்ட நுனி கருகும், உள்ளே வந்த தண்டு பிழைத்துக்கொள்ளும். மிச்சத் துத்தம் கசிவு வழியே மண்ணில் இறங்குகிறது. அதே சந்தில் பத்தடி தள்ளி உங்கள் கிணறோ ஆழ்துளைக் குழாயோ இருக்கும். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் அது கொல்லும். பாதாளச் சாக்கடை உள்ள இடத்தில் அது போய்ச் சேரும் நெசப்பாக்கம், கோயம்பேடு, பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களும் அத்தகைய நுண்ணுயிர்களை நம்பித்தான் இயங்குகின்றன. கல்லுப்பை மூட்டையாகக் கொட்டுவதும் அப்படித்தான். மண் கெடும், மரம் வாடும், இணைப்பு அப்படியே இருக்கும்.

நிரந்தரத் தீர்வு, பழுதான பகுதியைத் தோண்டி மாற்றுவது. மதிலில் போட்ட கோட்டுக்கு இருபுறமும் குறைந்தது இரண்டு இணைப்புகள் அடங்கும்படி எடுங்கள்; முடிந்தால் ஒரு சேம்பரிலிருந்து அடுத்த சேம்பர் வரை முழுவதுமாக மாற்றுவதுதான் சிறந்தது. அப்போது நடுவில் பழையதும் புதியதும் சேரும் இணைப்பே இராது. குழாய் வாங்கும்போது விலை குறைவு என்று விவசாயப் பாசனத்துக்கு விற்கும் மெல்லிய சாம்பல் நிறக் குழாயை மேஸ்திரி கொண்டுவர விடாதீர்கள். மண்பாரத்தில் அது நசுங்கி முட்டை வடிவாகி, இணைப்பு விலகிவிடும். தரைக்கடிக் கழிவுநீருக்கென்றே ஐ.எஸ். 15328 தர எண்ணில் பிவிசி குழாய் வருகிறது. அந்த எண் குழாயின் மேலேயே அச்சாகியிருக்கும். ஒரு துண்டின் நீளம் அதிகம் என்பதால், இருபது இணைப்புகள் இருந்த இடத்தில் மூன்றோ நான்கோதான் இருக்கும். இதுவே பாதி வெற்றி.

பிவிசி போட்டுவிட்டால் வேரே வராது என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஸ்வீடனில் கேமரா விட்டுப் பார்த்த ஆய்வுகளில் பிவிசி குழாய்களுக்குள்ளும் வேர் நுழைந்திருந்தது தெரிய வந்திருக்கிறது. இணைப்பில் வைக்கும் ரப்பர் வளையம் மடிந்தோ மண் ஒட்டியோ பொருந்தியிருந்தால் வேருக்கு அதுவும் வாசல்தான். குழாய் நுனியின் பிசிறை அரத்தால் ராவி, வளையத்தைத் துடைத்து, வழுக்குப் பசை தடவி, நேராகத் தள்ளிச் செருகுவதற்கு ஓர் இணைப்புக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்காக நீங்கள் அருகிலேயே நிற்பது வீண் போகாது.

வாட்டத்தை, அதாவது குழாயின் சரிவைப் பற்றி மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 4 அங்குலக் குழாய்க்கு 40க்கு 1, 6 அங்குலக் குழாய்க்கு 60க்கு 1 என்பது நீண்டகால வழக்கம். அதாவது 4 அங்குலக் குழாய் ஒவ்வொரு 10 அடிக்கும் 3 அங்குலம் இறங்க வேண்டும். கண்மட்டத்தில் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொல்வதை ஏற்காமல், நீர் நிரப்பிய மட்டக்குழாயை வைத்து இரு முனையிலும் அளக்கச் சொல்லுங்கள். குழாயைச் செங்கல் துண்டுகளின் மேல் தூக்கி வைத்து அடியில் வெற்றிடம் விடக் கூடாது. 4 அங்குலம் மணல் பரப்பி, அதன் மேல் குழாய் முழு நீளமும் படிந்து கிடக்க வேண்டும். பக்கங்களிலும் மேலேயும் மணல் இட்டு, கையால் கெட்டித்து, பிறகுதான் தோண்டிய மண்ணைத் தள்ள வேண்டும். மரத்துக்கு மிக அருகில் போகும் நீளத்துக்கு மட்டும் குழாயைச் சுற்றி 4 அங்குலக் கான்கிரீட் போர்த்துவது கூடுதல் காப்பு.

ஒரு நுணுக்கம், பல கொத்தனார்களுக்கே தெரியாதது. பிவிசியின் வழவழப்பான மேற்பரப்பில் சிமென்ட் ஒட்டாது. சேம்பர் சுவரில் குழாயைச் செருகிக் கலவை வைத்துப் பூசினால், காய்ந்ததும் குழாயைச் சுற்றி வட்டமாக ஒரு மெல்லிய இடைவெளி விழும். வேருக்கு அதைவிட நல்ல வழி வேண்டியதில்லை. சுவருக்குள் வரும் பகுதியில் குழாயின் வெளிப்புறம் பிவிசி ஒட்டும் பசையைத் தாராளமாகத் தடவி, ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மணலைத் தூவி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மணல் ஒட்டிச் சொரசொரப்பான பிறகு கலவை வைத்தால் பிடித்துக்கொள்ளும். பழைய களிமண் குழாயின் கழுத்தில் புதிய பிவிசியைச் சேர்க்க நேர்ந்தாலும் இதையே செய்ய வேண்டும்.

மண்ணை மூடுவதற்கு முன் நீர்ச்சோதனை செய்யாமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். கீழ்ச் சேம்பரில் குழாய் வாயை அடைத்து, மேல் சேம்பரில் குழாயின் மேல்மட்டத்துக்கு மேலே நீர் நிற்கும்வரை நிரப்பி, சுவரில் ஒரு கோடு போட்டு, அரைமணி நேரம் காத்திருங்கள். நீர் இறங்கினால் ஒவ்வோர் இணைப்பின் கீழும் உள்ள மணலைத் தொட்டுப் பாருங்கள். ஈரமான இடம் தானே சொல்லும். 1984இல் பதித்தவர்கள் இந்த அரைமணி நேரத்தைச் செலவிட்டிருந்தார்களோ என்னவோ. இப்போது நீங்கள் செலவிடுங்கள்.

தரையை உடைக்காமல், குழாய்க்குள் பிசின் ஊறிய உறையைச் செலுத்தி, விரித்து, இறுகச் செய்து உள்ளேயே புதுக் குழாய் உண்டாக்கும் முறையும் உண்டு. 1971இல் லண்டனில் தொடங்கியது அது. விலையுயர்ந்த தரையும் தோண்ட முடியாத இடமும் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். திறந்த சந்தில் இரண்டு மூன்று அடி ஆழத்தில் கிடக்கும் குழாய்க்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

கடைசிச் சேம்பருக்கும் தெருவுக்கும் இடையில்தான் பழுது என்று தெரிந்தால், நீங்களே சாலையைத் தோண்டக் கூடாது. சென்னையில் குடிநீர் வாரியத்திடம் புகார் பதிவு செய்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, கேமராப் படம் இருந்தால் அதையும் காட்டுங்கள். மற்ற ஊர்களில் மாநகராட்சியோ நகராட்சியோ இதைப் பார்க்கும். வேர் அடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னால் ராடிங் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். இணைப்பு பழுதாகி வேர் வருகிறது, மாற்றித் தர வேண்டும் என்று எழுத்தில் கொடுப்பது முக்கியம்.

இனி வேப்பமரம். அதைக் காப்பாற்ற முடியும், காப்பாற்ற வேண்டும் என்றே நினைக்கிறேன். மேற்கு வெயிலை அது எவ்வளவு தடுக்கிறது என்பது வெட்டிய பிறகு வரும் முதல் கோடையில்தான் தெரியும். குழாய் மாற்றப் பள்ளம் தோண்டும்போது குழாயை நோக்கி வந்த வேர்கள் வெளிப்படும். அவற்றை வாளால் நேராக அறுத்து எடுக்கலாம். இயந்திரத்தின் வாயால் பிய்த்து இழுத்தால் அடிமரம் வரை கிழிந்து அழுகல் ஏறும். அடிமரத்தின் குறுக்களவைப் போல ஐந்து மடங்கு தூரத்துக்குள் இருக்கும் பருத்த வேர்களைத் தொடாதீர்கள். உங்கள் மரம் ஓரடிக் குறுக்களவு உடையதானால் 5 அடிக்குள் தொடக் கூடாது. குழாய் 6 அடியில் இருப்பதால் இடமிருக்கிறது. ஒரு பக்க வேரை அடியோடு இழந்த மரம் புயலில் அந்தப் பக்கத்துக்கு எதிராகச் சாயும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு, சுற்றிலும் தோண்டியும் சிமென்ட் போட்டும் வேரைக் குறுக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பள்ளம் திறந்திருக்கும்போதே, குழாய்க்கும் மரத்துக்கும் நடுவில், மரத்தின் பக்கமாகத் ஹெச்டிபிஇ என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கின் தடித்த தகட்டை 3 அடி ஆழத்துக்குச் செங்குத்தாக நிறுத்தி மூடிவிடலாம். மரவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே ஓடுவதால், இந்தத் தடுப்பு அவற்றை வேறு பக்கம் திருப்பும். இதனோடு மரத்துக்கு எதிர்ப்பக்கத்தில், குழாய் இல்லாத இடத்தில், கோடையில் வாரம் ஒருமுறை நீர் விடுங்கள். துணி துவைத்த நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடுவது நம் வீடுகளில் பழகிய வழக்கம்தான்; வேருக்கு நல்ல ஈரம் வேறிடத்தில் கிடைத்தால் இறுக மூடிய குழாயைச் சுற்றி அது அலைய வேண்டியதில்லை.

புதிதாக நடுவதாக இருந்தால், அரசு, ஆல், அத்தி வகைகளைக் குழாய், தொட்டி, சுவர் எதற்கும் அருகில் அனுமதிக்காதீர்கள். வீட்டில் இவற்றைப் பெரும்பாலும் யாரும் நடுவதில்லை. பறவை எச்சத்தில் விழுந்த விதை சேம்பர் மூடியின் இடுக்கிலும் மதிலின் வெடிப்பிலும் முளைக்கிறது. இரண்டு இலையாக இருக்கும்போது விரலால் பிடுங்கினால் வந்துவிடும். முழ உயரம் போய்விட்டால் சுவரைப் பெயர்க்க வேண்டிவரும். வேகமாக வளரும் பச்சை வேலிக்காக நடப்படும் கொனோகார்பஸ், தரைக்கடிக் குழாய்களுக்கும் கேபிள்களுக்கும் கேடு செய்கிறது என்ற காரணத்தையும் சேர்த்துக் காட்டி, குஜராத் அரசு 2023இல் அதை நடுவதற்குத் தடை விதித்தது. குழாய்ச் சந்தில் பசுமை வேண்டுமானால் நந்தியாவட்டை, செம்பருத்தி, பவளமல்லி, மாதுளை போன்றவை போதும்.

வேலை முடிந்த பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை பங்குனியில் சேம்பர்களைத் திறந்து கண்ணாடிச் சோதனை செய்யுங்கள். வட்டம் முழுதாகத் தெரிந்தால் மூடிவிடலாம். குழாய் எந்தச் சேம்பரிலிருந்து எங்கே போகிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, சுவரிலிருந்து எத்தனை அடி, எந்த இடத்தில் எந்த ஆண்டு மாற்றியது என்பதைப் பள்ளம் மூடுவதற்கு முன்பே அளந்து ஒரு தாளில் வரைந்து, மின்மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை யார் வந்தாலும் முதலில் கேட்கப்போவது, குழாய் எங்கே ஓடுகிறது என்பதைத்தான்.